நான்காமவருக்காகப் பரிந்து பேசியவர்களுக்கு

பெரியோர்களே,

வானியலின் வரலாற்றில் உங்களுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. யோஹான்னஸ் கெப்ளர் இருக்கிறார். செவ்வாய்க் கோளைப் பற்றிய குறிப்புகளை அவருக்கு விட்டுச் சென்ற டைக்கோ பிராஹே இருக்கிறார். கெப்ளரின் சம்பளத்தை வருடக்கணக்கில் நிலுவையில் வைத்த பேரரசர் இரண்டாம் ரூடால்ஃபும் இருக்கிறார். மனைவியை இழந்து நின்ற அந்த மனிதருக்கு ஒரு நல்ல சம்பந்தம் அமைய வேண்டுமே என்று கவலைப்பட்ட நீங்கள் மட்டும், 1613 அக்டோபரில் அவர் ஒரு பிரபுவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ‘நண்பர்கள்’ என்ற பொதுப்பெயரோடு நின்றுவிட்டீர்கள். உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு 400 ஆண்டுகளாகப் பாக்கி. அதைக் கொடுக்கத்தான் எழுதுகிறேன்.

முதல் பாராட்டு, வேண்டிய நேரத்தில் வந்து நின்றதற்கு. 1611 அவர் வீட்டைச் சூறையாடிய ஆண்டு. பிராக் நகரத்துக்குள் படைகள் புகுந்தன. பெரியம்மை வந்து பிள்ளைகள் படுத்தார்கள். 6 வயது ஃப்ரீட்ரிக் இறந்தான். ஜூலையில் மனைவி பார்பராவும் காய்ச்சலில் போனார். மிஞ்சியவர்கள், 9 வயதை எட்டும் ஒரு மகள், 4 வயது நிரம்பாத ஒரு மகன். அடுத்த ஜனவரியில் ரூடால்ஃபும் இறந்துவிட, மேல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் ஒரு கணித ஆசிரியர் வேலையைப் பிடித்துக்கொண்டு கெப்ளர் புறப்பட்டார். அங்கே போனவுடன், லுத்தரன் சபையின் கொள்கை ஆவணத்தில் மறுப்பின்றிக் கையெழுத்திட மாட்டேன் என்று சொன்னதற்காக, சொந்தச் சபையின் பாதிரியாரே அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். ஊருக்குப் புதியவர், சபைக்கு வெளியே நிற்பவர், இரவில் வீடு திரும்பினால் தாயில்லாப் பிள்ளைகள். இந்த நிலையில் இருப்பவரிடம் ‘மறுமணம் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்ல அக்கறை வேண்டும். உங்களுக்கு அது இருந்தது.

இரண்டாவது பாராட்டு உங்கள் அறிவுக்கு. எந்த வீட்டில் பெண் இருக்கிறது, தகப்பனார் யார், சொத்து யார் பொறுப்பில் இருக்கிறது, எவ்வளவு சீதனம் வரும், தாய்வழியில் பிரபுக்கள் உண்டா என்பதெல்லாம் உங்களுக்கு விரல்நுனியில் இருந்தன. பேரரசின் கணிதர் என்ற பட்டம் பெற்றவருக்கு எத்தகைய வீட்டிலிருந்து பெண் எடுத்தால் பொருந்தும் என்பதை நீங்கள் சரியாக எடைபோட்டீர்கள். நீங்கள் சொன்ன தகவல்களில் ஒன்றாவது பொய் என்று கெப்ளர் எங்கும் குறை சொல்லவில்லை.

உங்களுக்கு முன்னால் இதே வேலையைக் கிராட்ஸ் நகரத்தில் வேறு சிலர் செய்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 25 வயதுப் பள்ளி ஆசிரியராகக் கெப்ளர் இருந்தபோது, ஊரறிந்த ஆலை முதலாளி யோப்ஸ்ட் ம்யூலரின் மகள் பார்பராவைப் பேசி முடித்தவர்கள் அவர்கள். பெண்ணுக்கு 23 வயது. அதற்குள் இரண்டு முறை கைம்பெண்ணானவர். ஒரு சிறு மகள் உண்டு. ஆனால் நிலபுலன் இருந்தது. மாப்பிள்ளையிடம் பணம் இல்லை என்று மாமனார் முறுக்கிக்கொண்டார். மாப்பிள்ளை புத்தகம் அச்சடிக்க வெளியூர் போய்ப் பல மாதம் தங்கியதில் பேச்சு முறியும் நிலைக்குப் போனது. சபையின் பெரியவர்களும் பள்ளியின் பெரியவர்களும் தலையிட்டு அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 1597 ஏப்ரலில் திருமணம். ஜாதகம் கணிப்பதைத் தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்திருந்த கெப்ளர், அன்றைய வானம் கேடானது என்று குறித்து வைத்தார். வானம் சொன்னதைவிட ஊர்ப் பெரியவர்கள் சொன்னது கனமாக இருந்தது.

அந்த நிலபுலன் என்ன ஆயிற்று? 1600-இல் லுத்தரன்களைக் கிராட்ஸிலிருந்து வெளியேற்றினார்கள். மண்ணைப் பெயர்த்து வண்டியில் ஏற்ற முடியவில்லை. பிராக்கில் சம்பளம் வராத மாதங்களில் பார்பரா தன் கையிருப்பைத் தொட விடவில்லை. இரண்டு பிள்ளைகளைக் கைக்குழந்தைகளாகவே இழந்தவர் அப்படிப் பயந்ததை நான் தவறாகப் பார்க்க மாட்டேன். நோயும் மனச்சோர்வுமாக அவர் நாள்கள் கழிந்தன. கணவர் கணக்கில் மூழ்கியிருக்கும்போது வந்து கேள்வி கேட்பார். இவர் எரிந்து விழுவார். பிறகு, தன் சொல் அவரை உண்மையிலேயே புண்படுத்திவிட்டது என்று தெரிந்தால், இன்னொரு சொல் சொல்வதைவிட என் விரலையே கடித்துக்கொள்வேன் என்று வருந்துவார். கெப்ளரே எழுதிவைத்தது இது. கெட்ட மனிதர்கள் இல்லை இருவரும். பேசி முடித்தவர்கள் இரண்டு சொத்துக் கணக்குகளைச் சரியாகச் சேர்த்துவைத்தார்கள்.

அந்த வீட்டிலும் ஒரு நல்ல சாயங்காலம் இருந்தது. புதிய விண்மீனைப் பற்றி 1606-இல் வந்த புத்தகத்தில் கெப்ளர் அதைப் பதிந்திருக்கிறார். உலகம் தற்செயலாக உண்டாகியிருக்குமா என்று யோசித்துக் களைத்திருந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் பார்பரா. முன்னால் பச்சிலைக் கூட்டு. இலையும் உப்பும் எண்ணெயும் வினிகரும் முட்டைத் துண்டுகளும் ஆதிமுதல் ஆகாயத்தில் பறந்துகொண்டே இருந்தால், என்றாவது ஒருநாள் தற்செயலாக இப்படி ஒரு கூட்டு சேர்ந்துவிடும்தானே என்கிறார் இவர். சேரலாம், ஆனால் நான் செய்ததைப் போல நன்றாக இருக்காது என்கிறார் அவர். பதினான்கு ஆண்டு வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஆலை முதலாளியின் சொத்துப் பட்டியலில் இதற்கு வழியே இல்லை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது நடந்தது.

இனி உங்கள் காலம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் 11 பெண்கள். 1613 கடிதத்தில் அவர்கள் எண்களாகத்தான் வருகிறார்கள். கெப்ளரின் பொறுமையை இங்கே நான் பாராட்டியே தீர வேண்டும். செவ்வாயின் பாதையைக் கண்டுபிடிக்க எப்படி ஒவ்வொரு ஊகத்தையும் எடுத்து, கணித்து, பொருந்தாததைத் தள்ளி, அடுத்ததை எடுத்தாரோ, அதே ஒழுங்கு இதிலும் இருக்கிறது. முதலாமவர் முதல் மனைவிக்குப் பழக்கமான ஒரு கைம்பெண். நேரில் பார்த்தபோது மூச்சில் நாற்றம் என்று குறிப்பு. பத்தாமவர் அழகில்லாதவர், பருமனானவர். தன் ஒல்லி உடம்போடு அவரைச் சேர்த்துப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று குறிப்பு. எட்டாமவர் மனத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒன்பதாமவருக்கு நுரையீரல் நோய். பதினொன்றாமவர் வயதில் மிகச் சிறியவர். எதையும் விடாமல் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் இவரைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற குறிப்பு ஒன்றுதான் அதில் இல்லை. கோள்களைப் பார்ப்பவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. கோள்கள் திருப்பிப் பார்ப்பதில்லை. பெண்கள் பார்ப்பார்கள். முகமறியாத அந்தப் பத்தாமவருக்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

மூன்றாமவரைப் பற்றி மட்டும் ஒரு வரி. பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறார் என்று கெப்ளருக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அவர் ஏற்கனவே வேறொருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே தேடல் முடிந்திருக்கலாம், முடியவில்லை.

நான்காமவர் உங்கள் தேர்வு. நல்ல தேர்வு என்று ஒப்புக்கொள்கிறேன். லின்ஸ் நகரத்தவர். பேர் சொல்லும் குடும்பம். சொத்து உண்டு, சீதனம் உண்டு, முகத்தில் பெரிய வீட்டுக்குரிய நிதானம் உண்டு. நெடிய உயரமும் மல்லர் கட்டும் உள்ளவர் என்று கெப்ளர் குறிப்பிட்டாலும், அதையும் மீறி மணந்திருப்பேன் என்றே எழுதுகிறார். ஐந்தாமவர் குறுக்கே வராவிட்டால்.

ஐந்தாமவர் சூசன்னா ராய்ட்டிங்கர். இவரிடம் நீங்கள் கண்ட குறைகள் ஒவ்வொன்றும் மெய். எஃபர்டிங் என்ற சிற்றூரில் மரச்சாமான் செய்த தச்சரின் மகள். தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. ஸ்டார்ஹெம்பெர்க் சீமாட்டியின் ஆதரவில் வளர்ந்தவர். சீதனம் கிடையாது. பேசி முடிக்க வரும் மாமன், சித்தப்பன் யாரும் இல்லை. 24 வயது, கெப்ளருக்கு 41. பேரரசரின் கணிதர் இந்தப் பெண்ணின் கையைப் பிடித்தால் லின்ஸ் ஊரில் அவருக்கு ஒரு கதவுகூடப் புதிதாகத் திறக்காது என்று நீங்கள் கணித்தீர்கள். திறக்கவில்லை. சரியாகத்தான் கணித்தீர்கள்.

கெப்ளர் அந்தக் கடிதத்தில் இருவரையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார். நான்காமவர் பக்கத்தில் குடும்பப் பெயர், சொத்து, சீதனம். ஐந்தாமவர் பக்கத்தில் இருந்தவை, அவருடைய அன்பு, பணிவு, சிக்கனம், உழைப்பு, மூத்தாள் பிள்ளைகளை நேசிப்பேன் என்ற வாக்கு. முதல் பக்கத்தில் இருப்பவை அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே அவர் வீட்டில் இருந்தவை. இரண்டாம் பக்கத்தில் இருப்பவற்றை ஒருவர் மற்றொருவருக்காகத் தினமும் செய்தால்தான் உண்டு. இவற்றை எந்தத் தரகரும் விசாரித்து அறிய முடியாது. பத்திரத்தில் எழுதி முத்திரை குத்த முடியாது. ஆகவே நீங்கள் இரண்டாம் பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தீர்கள். தெரியாததைப் பேசாமல் இருப்பது நேர்மை. ஆனால் தெரியாத அந்தப் பக்கத்துக்குக் கனமே இல்லை என்று முடிவு கட்டி, ‘தாழ்ந்த இடம், வசதி இல்லை, உறவு இல்லை’ என்று அவரைத் தள்ளச் சொன்னீர்கள். கெப்ளர் ஆறாமவரையும் ஏழாமவரையும் எட்டாமவரையும் பார்க்கப் போனார்.

நீங்கள் பரிந்து பேசிய நான்காமவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். ஒரு பக்கம் உங்கள் வற்புறுத்தல், மறுபக்கம் கெப்ளரின் தயக்கம். நடுவில் அவர் காத்திருந்தார். கடைசியில் இவ்வளவு நாள் காக்கவைத்தது போதும் என்று அவரே விலகிக்கொண்டார். இந்தக் கதை முழுவதிலும் தன் மதிப்பைத் தானே காத்துக்கொண்ட ஒருவர் உண்டென்றால் அது அவர். உங்கள் பட்டியலில் அவருடைய சொத்து இருந்தது, அவருடைய பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பது இல்லை. அவரையும் நீங்கள் பார்க்கவில்லை. அவருடைய வீட்டைத்தான் பார்த்தீர்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு உங்களை எளிதில் அடையாளம் தெரியும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்து, அதற்கு மேல் சம்பளம், வீடு, உடன்பிறந்தவர்களின் எண்ணிக்கை என்று இன்னொரு பத்துப் பார்க்கும் குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். அதே சமயம், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலும் தலைவன் தலைவிக்கு வேண்டிய பத்து ஒப்புமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பிறப்பும் குடியும் வயதும் அழகும் செல்வமும் அங்கே உண்டு. உலகம் கேட்பதை அந்த ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் காதலும் அருளும் ஒருவரை ஒருவர் உணரும் உணர்வும் அதே வரிசையில் சமமாக நிற்கின்றன. அடுத்த நூற்பா இருக்கக் கூடாதவற்றைச் சொல்கிறது. வன்சொல்லும் கொடுமையும் நிற்கும் அந்த வரிசையிலேயே, தன் குடியைப் பெரிதாக எண்ணி மகிழ்வதும், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் சேர்ந்து நிற்கின்றன. நீங்கள் கெப்ளருக்குக் கற்றுக்கொடுத்தவை இந்த இரண்டும்தான்.

உங்கள் அக்கறையில் உங்களுக்கு ஆதாயம் இருந்தது என்று குற்றம் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஒன்று தெரியும். நண்பர் பெரிய இடத்தில் பெண் எடுத்தால், விருந்துக்குப் போகும் நண்பர்களுக்கும் கொஞ்சம் பெருமை வந்து சேரும். அநாதைப் பெண்ணை எடுத்தால் அது வராது. விருந்து முடிந்த மறுநாள் காலையில் நண்பர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இரவில் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர்கள் இரண்டே பேர். யாரோடு அந்த இரவைக் கழிக்க முடியும் என்ற கேள்வியை அந்த இருவரில் ஒருவர்தான் கேட்டுக்கொள்ள முடியும். கெப்ளர் கடைசியில் கேட்டுக்கொண்டார். தன்னை இத்தனை திசைகளில் இழுத்தடித்தது கடவுளின் சித்தமா, தன் சொந்தக் குற்றமா என்று அந்தக் கடிதத்தில் மனம் திறந்து கேட்கிறார். எத்தனையோ ஆசைகள் நிறைவேறவே முடியாதவை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தன் மனம் அமைதியடைந்தது என்கிறார். என்னைப் பொறுத்தவரை அவர் எழுதிய வரிகளில் இவை விலைமதிப்பற்றவை. வட்டம்தான் நிறைவான வடிவம் என்று 2,000 ஆண்டுகளாக எல்லோரும் நம்பியிருந்தபோது, செவ்வாய் வட்டத்தில் ஓடவில்லை, நீள்வட்டத்தில் ஓடுகிறது என்று 1609-இல் அச்சிட்டுச் சொன்னவர் அவர். நிறைவானதைக் கைவிட அவருக்கு அங்கேயும் பல ஆண்டுகள் ஆயின.

1613 அக்டோபர் 30 அன்று எஃபர்டிங்கில் திருமணம் நடந்தது.

பிற்காலத்துக் கணிதர்கள் இந்தப் பெண் தேடலை விரும்பிப் படித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வரும் 11 பேரில் மிகச் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகமாக வேண்டும் என்றால், முதல் 4 பேரைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். ஐந்தாமவரிலிருந்து, அதுவரை கண்ட எல்லோரையும் விஞ்சும் முதல் ஆளை ஏற்றுக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் விடை அப்படித்தான் வருகிறது. 20-ஆம் நூற்றாண்டில்தான் இந்த விதி உருவானது. தாமஸ் ஃபெர்குசன் என்ற புள்ளியியலாளர் 1989-இல் இதன் வரலாற்றை எழுதும்போது கெப்ளரைத்தான் நினைவுகூர்ந்தார். ஐந்தாமவரோடு நின்றிருந்தால் விதியின்படியே நடந்திருப்பார். இதில் ஒரு நிபந்தனை உண்டு: தள்ளியவரிடம் திரும்பிப் போக முடியாது. கெப்ளர் திரும்பிப் போனார். தள்ளப்பட்ட ஐந்தாமவர், சீதனமும் சொந்தமும் இல்லாத அந்தப் பெண், அவருக்கு மறுபடியும் கதவைத் திறந்தார். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று சொல்லும் கடிதம் எதையும் நான் படித்ததில்லை. கணித விதியில் அந்த மன்னிப்புக்கு எண் இல்லை. உங்கள் கணக்கிலும் இருக்கவில்லை.

திருமணம் ஆன அந்த நவம்பரில் ஆஸ்திரியாவில் திராட்சை நன்றாக விளைந்திருந்தது, மது மலிவு. குடும்பத் தலைவனின் கடமை என்று புது வீட்டுக்குச் சில பீப்பாய்கள் வாங்கினார் கெப்ளர். வியாபாரி வந்து, பீப்பாயின் வயிற்றில் உள்ள துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக உள்ளே விட்டு, எதிர் மூலையைத் தொடும்வரை நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னான். பீப்பாய் குட்டையா, நெட்டையா, ஒல்லியா என்று அவன் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கோல், ஒரே ஒரு நீளம். அதிலிருந்து எவ்வளவு கொள்ளும் என்று எப்படிச் சொல்ல முடியும்? கெப்ளருக்குத் தூக்கம் போயிற்று. 1615-இல் மதுப் பீப்பாய்களின் கன அளவைப் பற்றி ஒரு புத்தகமே வந்தது. வடிவம் மாறினால் அதே கோல் அளவுக்கு வெவ்வேறு கொள்ளளவு வரும் என்று அதில் காட்டினார். கூடவே, ஆஸ்திரியத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பீப்பாய் மிகுதியாகக் கொள்ளும் வடிவத்துக்கு மிக அருகில் இருப்பதையும் கண்டார். அந்த உச்ச அளவின் அருகே இருக்கும்வரை, வடிவம் இப்படியோ அப்படியோ சற்றுப் பிசகினாலும் கொள்ளளவு குறைவது கண்ணுக்கே தெரியாது. நுண்கணிதம் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட வரிகள் இவை.

பெண் தேடிய காலத்தில் அவர் கையில் இந்தக் கணக்கு இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நல்ல வாழ்க்கையின் அருகே வந்துவிட்டால், மேலும் சரியான ஆளைத் தேடி அலைவதில் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். இழப்பது இரண்டு ஆண்டுகள், ஐந்தாமவரின் நிம்மதி, நான்காமவரின் பொறுமை, பெயரில்லாத ஒன்பது பெண்களின் கௌரவம்.

பிறகு வந்த வாழ்க்கை சுகமானது என்று சொல்லி உங்களைத் தோற்கடிக்க நான் விரும்பவில்லை. சுகமாக இருக்கவில்லை. சூசன்னாவுக்குப் பிறந்த முதல் மூன்று பிள்ளைகளும் சிறு வயதிலேயே இறந்தார்கள். 1618 பிப்ரவரியில் குழந்தை கேத்தரினா போன துக்கத்தில், கோள் அட்டவணை வேலை கையில் ஓடவில்லை என்று கெப்ளர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு உலகின் ஒத்திசைவைப் பற்றிய நூலை எடுத்தார். அந்த மே மாதம் கோள் இயக்கத்தின் மூன்றாம் விதி அவருக்குப் பிடிபட்டது. அவருடைய வயதான தாயைச் சூனியக்காரி என்று சொல்லி 1620-இல் சிறையில் அடைத்தார்கள். கெப்ளர் வேலையை விட்டுவிட்டு வக்காலத்து எழுதப் போனார். கருவுற்றிருந்த சூசன்னா ரேகென்ஸ்புர்கில், சொந்த வீடு இல்லாத ஊரில், அவர் திரும்பி வரும்வரை பிள்ளைகளோடு இருந்தார். சூனியப் பட்டம் ஒரு குடும்பத்தையே எரித்துவிடும் காலம் அது. பேர் சொல்லும் குடும்பத்துப் பெண் என்றால் அந்த மாதங்களில் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய உறவினர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. சூசன்னாவுக்கு அப்படிச் சொல்லும் உறவினர்கள் இல்லை. அதை நீங்கள் குறையாகச் சொல்லியிருந்தீர்கள்.

1626-இல் உழவர் படை லின்ஸை முற்றுகையிட்டது; அச்சகம் எரிந்தது; குடும்பம் மறுபடியும் மூட்டை கட்டியது. உல்ம், ரேகென்ஸ்புர்க், பிறகு சைலீசியாவில் சாகான். கெப்ளரின் கடிதங்களில் பார்பராவோடு நடந்த சச்சரவுகள் வந்த அளவுக்குச் சூசன்னாவோடு சச்சரவு வருவதில்லை. இந்த அலைச்சலுக்கு நடுவில் வீட்டைப் பற்றி எழுதுவதற்கு அவருக்குப் புகார் இல்லாமல் போயிற்று.

பணத்தைப் பற்றி நீங்கள் எச்சரித்தது கடைசிவரை உண்மை. பேரரசின் கருவூலம் கெப்ளருக்குத் தர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 12,000 குல்டன். 1630 அக்டோபரில், வர வேண்டிய காசைக் கேட்டுப் பார்க்கக் குதிரையேறிச் சாகானை விட்டுப் புறப்பட்டவர், நவம்பர் 15 அன்று ரேகென்ஸ்புர்கில் காய்ச்சலில் இறந்தார். சூசன்னாவிடம் சீதனம் இல்லை, தாங்கிப் பிடிக்கப் பிறந்த வீடு இல்லை, முப்பதாண்டுப் போர் நடுவில் நிற்கிறது, கையில் சிறு பிள்ளைகள். 1613-இல் நீங்கள் அஞ்சியது அப்படியே நடந்தது.

அவரிடம் மிஞ்சியவற்றில் ஒன்று, கணவர் அச்சில் விட்டுப்போன ‘சோம்னியம்’ என்ற கதை: நிலாவுக்குப் போகும் வழியையும் அங்கிருந்து பூமி எப்படித் தெரியும் என்பதையும் சொல்வது. அதை முடிக்கப் பொறுப்பேற்றிருந்த மருமகன் யாக்கோப் பார்ட்ஷும் 1633-இல் இறந்துபோனார். முற்றுப்பெறாத அச்சுத் தாள்களை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, போர் நடக்கும் நாட்டைக் கடந்து பிராங்க்ஃபர்ட்டுக்குப் போனார் சூசன்னா. அவர் தேடிப் போனது லுட்விக்கை. பார்பராவின் மகன். மாற்றாந்தாயாகச் சூசன்னா வந்தபோது 6 வயது நிரம்பாதிருந்த அந்தப் பிள்ளை இப்போது மருத்துவம் படித்த இளைஞன். மாற்றாந்தாய் தன்னிடம் வந்து உதவி கேட்டதை அந்த நூலின் தொடக்கத்தில் அவனே எழுதியிருக்கிறான். தகப்பனையும் அத்தானையும் அந்தப் புத்தகம் பலிகொண்டதாகத் தோன்றி, தொடவே பயந்திருக்கிறான். பயத்தோடுதான் ஏற்றுக்கொண்டான். 1634-இல் புத்தகம் வெளிவந்தது.